பெரிய வியாழனுக்குக் கழுவிய கால்

தபசு காலத்தின் நாலாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என்னை மாதா கோயில் வாசலில் மறித்தார்.

"இந்தத் தடவை பன்னிரண்டு பேர்ல நீங்களும் இருக்கீக அண்ணாச்சி. காலை நல்லாக் கழுவிட்டு வந்துருங்க."

"கழுவிவிடத்தான கூப்பிடுறீக? அதைக் கழுவிட்டு வேற வரணுமாக்கும்?" என்று என் பின்னால் வந்த மைத்துனர் கேட்டார்.

உபதேசியார் சிரிக்கவில்லை. "உங்க மச்சான் கால் என்ன நெறம்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் முழங்காலிட்டுப் பன்னிரண்டு ஆண்களின் வலது காலில் நீர் ஊற்றித் துடைப்பார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு. எங்கள் பங்குக் கோயிலில் அது தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அந்தப் பன்னிரண்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் வீட்டுப் பெண்களுக்குக் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்துவிடும். என் மனைவி அன்று மத்தியானமே எனக்குப் புது வேட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

என் கால்கள் வெள்ளி நிறத்தில் இருந்தன. நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் மேற்பார்வை பார்த்து வந்தேன். வெடியில் அடைக்கும் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்போம். மருந்து கலக்கும் அறைகளில் அலுமினியப் பவுடர் மாவைப் போலப் பறந்துகொண்டிருக்கும். பள்ளிப் படிப்பை முடித்தவன் என்பதால் எடை போடுவதைக் கவனிக்க என்னை அங்கே வைத்திருந்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். செருப்பு ஆணி கல்லில் உரசி ஒரு பொறி பறந்தால் அந்த அறை வரிசையே வெடித்து எழும்பிவிடும். பதினெட்டு வருடம் பகலெல்லாம் வெறுங்காலோடுதான் நடந்தேன். பவுடர் பாத வெடிப்புகளுக்குள் இறங்கி, நகக்கண்ணில் தங்கி, எத்தனை முறை குளித்தாலும் மிச்சமிருந்தது. வெயில் சாயும் நேரத்தில் வீட்டுக்கு நடந்து வரும்போது குனிந்து பார்த்தால், எனக்கு முன்னால் இரண்டு மீன்கள் மாறி மாறித் துள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

அந்த நாட்களில் என் நடையே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தரை எனக்குக் கொஞ்சம் கீழே விலகிவிட்டிருந்தது. பஞ்சு மெத்தையில் நடப்பதுபோல், கண்மாய் வற்றும் காலத்துச் சேற்றில் நடப்பதுபோல், ஒவ்வொரு அடியும் எங்கோ தூரத்தில் விழுந்தது. படுத்தால் மட்டும் பாதங்களில் எறும்புகள் ஊரும். போர்வையை உதறிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. ஆனால் பகலில் அது சுகமாகவே இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. மருந்து காயவைக்கும் சிமெண்டு மேடையில் சித்திரை வெயிலுக்கு மற்றவர்கள் கோழிபோலத் தாவித் தாவி ஓடுவார்கள். நான் நடுமேடையில் நின்று நிதானமாகத் தட்டுகளை எண்ணுவேன்.

"அண்ணாச்சிக்கு மருந்து ஏறின காலு. தீயில போட்டாலும் வேகாது" என்பாள் சங்குசக்கரம் சுற்றும் ஓர் அக்காள்.

"நீ போட்டுப் பாரேன்."

"எதுக்கு, உங்க வீட்டம்மா என்னைய வேக வைக்கவா?"

பவுடர் ஏறினால் தோல் செத்துப்போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பழைய ஆட்கள் சிலர் தங்கள் உள்ளங்காலைத் தட்டிக் காட்டி, "ஆடு மாட்டுத் தோல் மாதிரி ஆயிருச்சு பாருங்க" என்று பெருமைப்பட்டார்கள். அவர்களுக்கு இருந்தது வெறும் காய்ப்பு. எனக்கு இருந்தது வேறு. அந்த வித்தியாசம் எங்களில் யாருக்கும் தெரியாது.

சர்க்கரை வியாதி இருப்பது எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு விருதுநகரில் ஒரு டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறுவதை என் கண்ணெதிரே காட்டினார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நான் காப்பியில் சீனியை விட்டேன். மாத்திரையை நினைத்தபோது விழுங்கினேன். சர்க்கரை என்றால் அது வாயோடும் வயிற்றோடும் முடிகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். காலுக்கும் அதற்கும் ஒரு வழி இருக்கும் என்று கனவில்கூடத் தோன்றவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். அவள் திடீரென்று நின்றாள்.

"அப்பா, ஒரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பில்லை. இரண்டு பேரும் வந்த வழியே திரும்பிப் போனோம். அரிசிக் கடையைத் தாண்டி, அச்சாபீசைத் தாண்டி, தபால் பெட்டிக்குக் கீழே தனியாக, யாருக்கோ காத்திருப்பதுபோல் கிடந்தது அது. அவ்வளவு தூரம் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மண்ணுமாக நடந்திருக்கிறேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் போய் நடித்தும் காட்டினாள். நானும் சிரித்தேன். இன்று யோசித்தால், அந்தத் தபால் பெட்டியடியில் யாராவது என் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

பெரிய வியாழன் வந்தது. கம்பெனியில் அரை நாள் விடுப்பு வாங்கியிருந்தேன். மனைவி கோயிலில் பீட விரிப்பு மாற்றும் பெண்களோடு போய்விட்டாள். நான் வீட்டு வளவில் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, பீர்க்கங்கூடு, சீயக்காய், மண்ணெண்ணெயில் நனைத்த துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வெள்ளியைச் சாமியாரின் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மகள் பிடித்துணியால் செம்பைப் பிடித்து வெந்நீரை மொண்டு வந்து ஊற்றினாள். துணி இருந்ததால் அவள் கைக்குச் சூடு தெரியவில்லை.

"சுடுதாப்பா?"

"சுடலை தாயி. ஊத்து."

ஆவி எங்கள் இருவருக்கும் நடுவில் எழுந்தது. வேப்ப மரத்திலிருந்து பூக்கள் உதிர்ந்து தண்ணீரில் மிதந்தன. நான் தேய்க்கத் தேய்க்க வெள்ளி கரைந்து, கல்லின் மேல் சிறு சிறு ஓடைகளாக மினுங்கிக்கொண்டு போயிற்று. இத்தனை வருடத்துப் பட்டாசும் என் காலிலிருந்து இறங்கிப் போவதுபோல் இருந்தது. மகள் விரலால் அந்த ஓடையில் படம் வரைந்தாள்.

"இன்னும் சூடாக் கொண்டா. நகக்கண்ணுல நிக்குது."

"கொதிக்குதுப்பா."

"கொதிச்சாத்தான் போகும்."

அவள் கொண்டுவந்தாள். வலது காலுக்கு இரண்டு செம்பு. பிறகு ஒரு செம்பு. தோல் சிவந்துகொண்டு வந்தது. அழுக்குப் போன காலின் நிறம் இதுதான் என்று நினைத்தேன். பிறந்த பிள்ளையின் காலைப் போல இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

மாலையில் புது வேட்டி கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம். பீடத்தின் முன்னால் இரண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தோம். "இதுல காட்டிக்கொடுக்குற ஆளு ஆரு?" என்று பக்கத்தில் இருந்த தையற்காரர் காதில் கிசுகிசுத்தார். "கடைசில உக்காந்திருக்கவருதான்" என்றேன். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் உபதேசியாரின் தம்பி. இருவரும் வாயை மூடிக்கொண்டு குலுங்கினோம்.

சாமியார் வயதானவர். ஒவ்வொரு காலுக்கும் முழங்காலை ஊன்றி, எழுந்து, மறுபடி ஊன்றி வந்தார். பாட்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தது. என் முறை வந்தது. என் குதிகாலை அவர் கையில் தாங்கிக்கொண்டதைப் பார்த்தேன், உணரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கை அப்படியே நின்றது. துண்டால் ஒரு தரம் ஒற்றினார். துண்டோடு ஏதோ உரிந்து வந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் ரோஜா நிறமாகியிருந்தது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்லையே சாமி."

அவர் முகம் மாறியது. ஒரு நல்ல பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு குளிர்கிறது. அவர் அந்தத் துண்டை என் காலைச் சுற்றிக் கட்டிவிட்டு, வேறு துண்டு வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் நகர்ந்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ சட்டென்று எழுந்து நின்றதுபோல் தெரிந்தது. என் மகள். முக்காட்டை இரண்டு கையாலும் வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் புரிந்துகொள்வதற்கு முன்பே அவள் புரிந்துகொண்டுவிட்டாள்.

பூசை முடிந்ததும் சாமியாரே வண்டி பேசி என்னை விருதுநகருக்கு அனுப்பினார். அங்கே சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். உயிர்ப்பு ஞாயிற்றின் மணி எனக்குச் சன்னல் வழியாகத்தான் கேட்டது. ஊசி, கட்டு, மறுபடி ஊசி. கொப்புளம் உடைந்த இடத்தில் சீழ் வைத்து, சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்தன. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். காலையே எடுக்க வேண்டி வருமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடைசியில் அந்த இரண்டு விரல்களை எடுத்ததோடு நின்றது.

அங்கே ஒரு நர்ஸ் சிஸ்டர் இருந்தார். ஒருநாள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் பாதத்தைத் தொடும்போதெல்லாம் "இப்ப" என்று சொல்லச் சொன்னார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. எங்கோ காக்கை கத்தியது. நீண்ட நேரம், ஆழமான கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல.

"எப்ப தொடப் போறீக சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தொட்டு முடிச்சாச்சு. பத்துத் தரம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்குச் சொன்னார். சர்க்கரை கூடியே கிடந்தால் நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகும், முதலில் பாதத்தில்தான் தொடங்கும், பவுடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது. தண்ணீரின் சூட்டை நான் பார்க்கவே கூடாது, நல்ல நரம்புள்ள வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. செருப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். தினமும் அந்தியில், வெளிச்சம் இருக்கும்போதே, பாதத்தின் அடிவரை ஒருவர் பார்க்க வேண்டும்.

"வலி வரும்னு காத்திருக்காதீக. உங்களுக்கு அது வராது."

இத்தனை நாளும் மகள் வார்டுக்குள் வரவில்லை. மனைவியோடு பஸ்ஸில் வருவாள், கதவோரம் நிற்பாள். வீட்டில் அவள் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாள், அடுப்படிக்குள் நுழைய மாட்டேன் என்கிறாள், உறங்காமல் கிடக்கிறாள் என்று மனைவி சொன்னாள். ஒருநாள் வற்புறுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான ஊத்துனேன்."

"நான்தான ஊத்தச் சொன்னேன்."

"சுடுதான்னு கேட்டேன்ல. நீங்க சுடலைன்னீக."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சுட்டது, அப்பாதான் வீம்புக்குப் பொறுத்துக்கொண்டேன் என்று. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒரு முறை தப்பாகப் பதில் சொன்னவன் நான்.

"நெசமாவே சுடலை தாயி."

அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. எனக்குப் பதில் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்தாள். நான் விரல்களை இழந்தபோது அழவில்லை. அன்று அவள் போன பிறகு அழுதேன்.

வீடு திரும்பினேன். வெறுங்காலோடு நிற்கும் வேலை இனி ஆகாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை மருந்து அறையிலிருந்து மாற்றி, டவுனில் லேபிள் அச்சடிக்கும் இடத்தில் தாள் சரிபார்க்க வைத்தார். செருப்புத் தைக்கிறவர் மெத்தென்ற அடி வைத்து, வலது பக்கம் அகலமாக, ஒரு ஆணிகூட இல்லாமல் நூலாலேயே தைத்துக் கொடுத்தார். "ஒங்களுக்கு ஆணி குத்தினாத் தெரியாதாம்ல. அப்ப நான் எப்பிடி ஆணி அடிக்க?" என்றார்.

அந்தியில் மனைவி என் பாதத்தைப் பார்ப்பாள். அவளுக்கு அப்போதே வெள்ளெழுத்து. எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அவள் இல்லாத நாளில் நானே முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடிப்பேன். மகள் அந்த நேரத்தில் தெருவுக்குப் போய்விடுவாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. ஆனி போய் ஆடி வந்தது. காற்று வீட்டுக்குள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. என் கால் பிழைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் பயம்.

அப்படி ஒரு மாலை, மனைவி பக்கத்து வீட்டு ஜெபமாலைக்குப் போயிருந்தாள். நான் கண்ணாடியில் பாதத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"எங்க நல்லா இருக்கு?"

மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"கண்ணாடி பூராம் மண்ணு. நீங்க மண்ணைப் பாத்துட்டு நல்லாருக்குங்கீக. தள்ளுங்க அங்கன."

வந்து உட்கார்ந்தாள். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். விரல் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாவாடை ஓரத்தால் அடியைத் துடைத்து, சன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு இடுக்காகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். குதிகாலில் நின்றாள்.

"அப்பா. இங்கன ஒரு முள்ளு."

உடை மரத்து முள். செருப்பு அடியையே துளைத்து ஏறி, உள்ளே முறிந்து நின்றது. காலையில் நான் ஓடைக்கரையாக நடந்து வேலைக்குப் போயிருந்தேன். பகல் முழுவதும் அதன் மேல் நின்று தாள் சரிபார்த்திருக்கிறேன்.

"புடுங்கிரு தாயி."

"ஆமா, நீங்க சொல்றதக் கேட்டுத்தான் நான் செய்யணும்!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கைய வைக்காதீக. எந்திரிக்கவும் கூடாது. சிஸ்டர்கிட்ட போவோம்" என்றாள். கொடியில் இருந்த வெளுத்த துணியைக் கிழித்து இறுக்காமல் கட்டினாள். தெருவில் போன ஒரு குதிரை வண்டியை அவளே நிறுத்தினாள். பஸ் நிலையம் வரை என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை.

நர்ஸ் சிஸ்டர் முள்ளை எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். "இன்னைக்குக் குத்தினது இன்னைக்கே வந்திருக்கு. ஒண்ணும் ஆகாது. ஆரு பாத்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன், "நான்" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவள் நின்ற நிலையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் ரத்தம் அவளிடமும் ஓடுகிறதே என்று எனக்குத் தீராத கலக்கம். விடுமுறைக்கு வந்து அவள் இரண்டாவது தம்ளர் தண்ணீர் கேட்டால் சர்க்கரைத் தாகமோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். "உப்புக் கருவாடு போட்டீக, தாகம் எடுக்காம என்ன செய்யும்?" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

முள் எடுத்த அன்று, விருதுநகரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பெரிய வியாழனுக்குப் பிறகு அவள் அப்படி உறங்கி நான் பார்த்ததில்லை. வெளியே கரிசல் காடு இருட்டிக் கிடந்தது. அவள் தலையின் கனம் தோளில் ஏறிக்கொண்டே போயிற்று. வழியில் ஆமத்தூரில் ஆட்கள் ஏறினார்கள், கூடைகள் இடித்தன, கண்டக்டர் தள்ளி உட்காரச் சொன்னார். நான் அசையவில்லை.